ஏழு நாள் பத்தியம்

நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் என் மாமியாரிடம் யாராவது காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே அவர் ஒரு வெள்ளைக்காரரைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

"ஏழு நாளுன்னா ஏழு நாளு. அந்தப் பந்துக்காரன் மாதிரி மூணா நாளே ஓடிப்புட்டு, அப்புறம் காலப் புடிச்சிக்கிட்டு உக்காரக் கூடாது. சொல்பேச்சு கேக்காதவனுக்கு நான் கை வைக்க மாட்டேன், ஆமா."

வந்தவர் தலையாட்டுவார். நான்கு வருஷமாக அந்தத் தோட்டத்தில் அந்த மனிதருக்கு மிஞ்சியிருக்கும் பெயர் இதுதான். இதைவிடப் பொருந்தாத பெயரை ஒருவருக்கு வைத்துவிட முடியாது. பத்து மாதம் புக்கிட் பெருவாங்கில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்றோ 'முடியாது' என்றோ ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. இந்தச் சித்திரத்தை எழுத உட்கார்ந்தபிறகு, ஒருமுறையாவது சொல்லியிருப்பாரோ, நான்தான் மறந்துவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். இல்லை. சொன்னதில்லை.

அவர் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரின் கடைசி ஓசையை எங்கள் வரிசையில் யாருமே சரியாகச் சொன்னதில்லை. தப்பாகவே சொல்லிப் பழகியதை இப்போது தப்பாகவே எழுதவும் வேண்டாம். வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அவர் 'மாட் சாலே'. மலாய்க்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. எங்கள் ஊர்க் காற்பந்துக் குழு அந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரர் அவர். குரோஷியாவிலிருந்து வந்தவர். அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் ஆறாம் படிவம் வரை படித்தவள். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்து வரைபடத்தில் அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது.

பொங்கல் வாரத்தில் வந்து இறங்கினார். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. புதிதாக வந்தவருக்குக் கொடுக்காமல் சாப்பிடுவது எப்படி என்று ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் நான்கு வடையும் வைத்தேன். தட்டு வெறுமையாகத் தெரிந்ததால் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயும் ஒரு கரண்டி வைத்தேன். என் கணவர் வேலிக்கு மேலே கொடுத்தார். வந்தவர் அங்கேயே நின்று சாப்பிட்டார். பொங்கலைச் சாப்பிட்டார், வடையைச் சாப்பிட்டார், பிறகு ஊறுகாய் முழுவதையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். முகம் செவசெவவென்று ஆனது. கண்ணில் நீர் வந்தது. மென்றுகொண்டே தலையை ஆட்டி, "போலே, போலே" என்றார்.

மலாயில் அவர் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. முடியும், சரி, ஆகட்டும், எல்லாவற்றுக்கும் அதுதான். விமான நிலையத்திலேயே யாரோ சொல்லிக்கொடுத்தார்களாம், இந்த ஒரு சொல் போதும் இந்த நாட்டில் என்று. அவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

மறுநாள் தட்டு திரும்பி வந்தது. அதில் இரண்டு ஆரஞ்சு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அவர் ஊரிலும் அப்படித்தானாம். எங்கள் பேச்செல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட உடைந்தது என்பதால் அவரிடம் பேச எனக்குக் கூச்சம் இல்லை.

அவருடைய வரலாற்றை நான் துணிக்கொடியில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அவர் போடுவதெல்லாம் பழைய ஆட்டச் சட்டைகள். துவைத்துக் காயப்போடும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நானும் துணி காயப்போட்டுக்கொண்டு, இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று கேட்பேன். வெளுத்துப்போன நீலச் சட்டை, அவர் அப்பா வேலைசெய்த கப்பல் பட்டறையின் குழு. பதினாறு வயதில் அதற்கு ஆடத் தொடங்கினார். சிவப்புச் சட்டையில் ஒரு பன்றிப் படம் இருந்தது. அது ஆஸ்திரியாவில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையின் குழு, அங்கே இரண்டு குளிர்காலம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையில் பச்சைக் கோடு போட்டது ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல குழு. பிறகு போர். மைதானத்தில் லாரி நிறுத்தினார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதைக் கொடியில் இன்னொரு முறை உதறிப் போட்டார். பெரிய குழு எதற்கும் அவர் ஆடியதில்லை. அதை அவரே சொன்னார், வருத்தமில்லாமல். முப்பத்தொரு வயது. "காற்பந்தில் நான் தாத்தா" என்பார்.

ஒரே ஒருமுறை என் கணவர் என்னை ஆட்டம் பார்க்க அழைத்துப்போனார். என் கணவருக்கு ஆயர் கெரோவில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில் வேலை, மெஷின் பழுது பார்ப்பவர். காற்பந்து என்றால் சோறு வேண்டாம். எனக்கோ இருபத்திரண்டு பேர் ஓடுவது தவிர ஒன்றும் விளங்கவில்லை.

"பந்த பாக்காத. அவரப் பாரு" என்றார் கணவர்.

பார்த்தேன். எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் கோட்டோரத்தில் மாட்டிக்கொண்டான். எதிரிகள் இரண்டு பேர் அவனை நெருக்கினார்கள். எங்கள் ஆட்கள் மற்ற எல்லோரும் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"பாத்தியா? ஒளியிறானுங்க. இப்ப பந்து வாங்குனா தப்பாப் போகும்னு தெரியும்லா. அவரு மட்டும் போவாரு பாரு."

அவர் போனார். இடுப்பருகே உள்ளங்கையை விரித்துக்கொண்டு, கொடு என்பதுபோல, அந்த நெரிசலுக்குள் போய்ப் பந்தை வாங்கினார். இரண்டு தடவை அதை வெளியே கொண்டுவந்துவிட்டார். மூன்றாம் தடவை பறிகொடுத்தார். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஊளையிட்டார்கள்.

"வாங்காதவன யாரும் திட்ட மாட்டான்" என்று என் கணவர் அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

ஏன் அப்படிப் போகிறீர்கள் என்று பிறகு அவரிடம் வேலியோரம் கேட்டேன். நடுக்களத்தில் ஆடுபவனுக்கு அதுதான் வேலை என்றார். மற்றவர்களுக்குப் பந்து வேண்டும்போது வேண்டும். நடுக்களத்து ஆளுக்கு, யாருக்கும் வேண்டாதபோது வேண்டும். இதைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது, ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல். நான் சொல் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் "போலே, போலே" என்று அதையும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் மாதம் ஒரு காலையில் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. கணவர் வேலையில். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பயிற்சிக்குப் பை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பாரா, அந்நிய ஆணோடு காரில் போனால் யார் என்ன சொல்வார்கள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் என் பையைத் தூக்கிக்கொண்டு தாதியின் பின்னாலேயே ஓடினார். பயிற்சிக்குப் போகாததற்கு அவர் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியது பல வாரம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

என் மகள் கால் முன்னால் வந்து பிறந்தாள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எனக்கு இன்றும் அவள் தும்மினால் நெஞ்சு அடைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் கணவர், நீ அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தாய் என்கிறார். ஆனால் தோட்டத்தில் அது பெரிய செய்தியானது. கால் பிறப்புப் பிள்ளையின் பாதம் பட்டால் சுளுக்கு விலகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வேலை முடித்து வந்து சுளுக்கு வழித்துவிடும் என் மாமியாருக்கோ பேத்தி உருவில் ஓர் உதவியாள் கிடைத்துவிட்டாள். நாங்கள் போகும் நாட்களில் எண்ணெய் தேய்த்து முடித்ததும் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, வலிக்கிற இடத்தில் அவள் பாதத்தை மூன்று தடவை மேலிருந்து கீழாக இழுப்பார். யார் யார் காலிலோ என் குழந்தையின் பாதம் படுவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கழுவுவேன். அத்தையிடம் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஆண்டின் கடைசிப் பகுதியில் மாட் சாலே வீட்டில் ஒரு சின்னக் கட்டில் வந்து இறங்கியது. கொசுவலையோடு. அவருக்கு ஊரில் மனைவியும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். இன்னொரு பருவத்துக்கு ஒப்பந்தம் போட்டால் அவர்களை அழைத்துவந்துவிடலாம். கடைசி ஆட்டங்கள் முடிந்ததும் குழு முடிவு சொல்லும். எந்தப் பள்ளி நல்லது, குழந்தைகளுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளுமா, இங்கே கடல் எங்கே பக்கம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அவரைச் செர்காமுக்கு அழைத்துப்போய்ச் சுட்ட மீன் வாங்கிக்கொடுத்தோம். அவர் கடலைப் பார்த்தார். அவருடைய கடலில் கல் இருக்குமாம், அடிவரை தெரியுமாம். இங்கே சேறு. முகம் ஒரு கணம் வாடியது. பிறகு, "சின்னப் பிள்ளைக்குச் சேறு பிடிக்கும். போலே" என்றார்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் குழந்தையும் மட்டும். பக்கத்து வீட்டில் ஒரு பெண் வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன சமைத்துக்கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், ஊறுகாய் இல்லாமல்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் காரிலிருந்து இறங்கி, வாசல்படியில் பக்கவாட்டாக, நண்டுபோல ஏறினார். ஒரு கை கதவுக்கம்பியில். என்னைக் கண்டதும் நிமிர்ந்து சாதாரணமாக இரண்டடி வைத்துக் கையசைத்தார். பத்து நிமிஷம் கழித்து வேலியோரம் வந்து, குளிர்பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டார். இடது முட்டி வீங்கி, முட்டி என்ற வடிவமே இல்லாமல் இருந்தது.

"டாக்டரப் பாருங்க" என்றேன்.

டாக்டரிடம் போனால் குழுவுக்குத் தெரிந்துவிடும் என்றார். சனிக்கிழமை கடைசி ஆட்டம். சனிக்கிழமைக்குப் பிறகு எந்த டாக்டரும் சரி.

மாலையில் என் கணவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

"அம்மாகிட்ட கூட்டிட்டுப் போலாம்லா" என்றார் உடனே. "போன மாசம் லாரிக்கார அண்ணனுக்கு ரெண்டே நாள்ல நடக்க வச்சாங்க."

"இது சுளுக்கு மாதிரி இல்லைங்க."

"நீ என்ன டாக்டரா?"

வேலியோரம் போய் அவரிடமே கேட்டார். எஸ்டேட், அம்மா, மசாஜ், வெரி குட். வரீங்களா?

"போலே."

புதன்கிழமை என் கணவர் பாதி நாள் லீவு எடுத்தார். செம்பனைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம். மாட் சாலே முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குழி விழுந்த இடங்களில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டு. அத்தை வீட்டில் நாங்கள் இறங்கியதும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். என் கணவர் விருந்தாளிக்கு இளநீர் வெட்டக் கூட்டாளிகளோடு பின்பக்கம் போய்விட்டார். அதனால் நடுவில் மொழிபெயர்க்க நான்தான்.

அத்தை பாயைப் போட்டு அவரை உட்காரவைத்தார். காலைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார்.

"ஆத்தாடி, தேங்கா நாரு மாதிரி முடி. எண்ணெ எங்க உள்ள போவும்?" கூட்டம் சிரித்தது. என்ன சொல்கிறார் என்று அவர் என்னைப் பார்த்தார். பலமான கால் என்கிறார் என்றேன். அன்று நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு.

கட்டைவிரலை முட்டியின் ஓரத்தில் அழுத்தி வழித்தார் அத்தை. எனக்கே பல் கூசியது. அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் மட்டும் வேர்வை முத்து முத்தாக.

"கத்தச் சொல்லு புள்ள. கத்துனாத்தான எங்க வலின்னு எனக்குத் தெரியும்? இவன் என்னா, கோயிலுக்கு வந்த மாதிரி சிரிச்சிக்கிட்டு இருக்கான்."

"வலித்தால் சத்தம் போடச் சொல்கிறார்கள்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, மரியாதைக்காக ஒருமுறை "ஆ" என்றார்.

கடைசியில் என் மகளைத் தூக்கி அவள் பாதத்தை அந்த முட்டியில் மூன்று தடவை இழுத்தார்கள். அவளுக்கு அந்த முடி கூசியிருக்க வேண்டும், கால்களை உதறிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்கும் பிடித்திருந்தது, அந்த ஒருமுறை.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"கத்திரிக்கா வேணாம், கருவாடு வேணாம். தலைக்குத் தண்ணி ஊத்தப்படாது. எண்ணெயத் துணியால துடைக்கப்படாது, தானா காயணும். மூணு ராத்திரி எருக்கெல சுட்டுக் கட்டணும். ஏழு நாளு ஓடப்படாது, பந்து பக்கமே போவப்படாது. இது வெறும் சுளுக்கு இல்ல புள்ள, உள்ளாற என்னமோ வழுக்குது, எனக்குப் புடிபடல. அடுத்த புதன் திரும்பக் கூட்டிக்கிட்டு வா. அப்பவும் வழுக்குச்சின்னா பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கேள்விதான். "சனிக்கிழமை? ஆடலாமா?"

கத்திரிக்காய் என்று தொடங்கவேண்டும் நான். கருவாட்டுக்கு ஆங்கிலம் யோசிக்க வேண்டும். எருக்கிலைக்கு எனக்கு ஆங்கிலமே தெரியாது. படித்தவள் என்று என்னை மதிக்கிற ஒருவரிடம், இத்தனை பேர் முன்னால், தலைக்கு ஊற்றாதே, எண்ணெயைத் துடைக்காதே என்று எப்படிச் சொல்வது? கேட்டு உள்ளுக்குள் சிரிப்பாரே என்று வெட்கப்பட்டேன். சிரித்திருக்க மாட்டார். அது அப்போதும் எனக்குத் தெரியும். நான் நம்பாத ஒரு பட்டியலாக அது என் காதில் விழுந்தது. நம்பவேண்டிய ஒன்று அதன் நடுவில் இருந்ததைப் பிரித்துப்பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியதோ? அவர் சனிக்கிழமை ஆடவேண்டும் என்று எனக்கும் இருந்ததல்லவா?

"சூடாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்றேன். "சரியாகிவிடும்."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"என்னா, சொல்லிட்டியா?" என்றார் அத்தை. அத்தனை நீளமாகத் தான் சொன்னது இத்தனை சுருக்கமாக முடிந்ததில் அவருக்குச் சந்தேகம்.

"சொல்லிட்டேன் அத்தை."

"போலே" என்று அவர் அத்தையைப் பார்த்துக் கைகூப்பினார்.

வியாழன் வீக்கம் வடிந்தது. வெள்ளிக்கிழமை படியில் நேராக ஏறினார். வேலியோரம் வந்து முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினார், குழந்தை பல் முளைத்ததைக் காட்டுவதுபோல. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நன்றாகத்தானே இருக்கிறார், எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போன என் கணவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்தார்.

"யாருமே தொடல" என்றார். "ரெண்டாவது பாதி. பின்னாடி நம்ம பையன் மாட்டிக்கிட்டான். எல்லாரும் ஒளிஞ்சிட்டானுங்க. இவரு போனாரு. பந்த வாங்கித் திரும்புனாரு. அப்படியே விழுந்தாரு. பக்கத்துல ஒரு ஆளு இல்ல."

முட்டிக்குள் முக்கியமான நார் அறுந்துவிட்டதாம். அது ஏற்கெனவே பாதி கிழிந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். ஓய்வில் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம், ஒருவேளை தப்பாமலும் இருந்திருக்கலாம். அந்த இரண்டு ஒருவேளைகளில் எனக்கு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ள ஆசை. பகலில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். குழந்தையைத் தூங்கவைக்கும்போது, அவள் பாதம் என் கையில் இருக்கும்போது, முதலாவது வந்துவிடும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வயதில் அந்த முட்டியோடு வேறெந்தக் குழுவும் கூப்பிடாது என்று என் கணவர் சொன்னார். நவம்பரில் கிளம்பினார். ஊன்றுகோல் இரண்டு கக்கத்திலும் இருந்ததால் என் தட்டை எடுத்துவர முடியாமல், வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் சோறு கொடுத்தனுப்பிய தட்டு. அதன் மேல் அந்தக் கொசுவலை மடித்து வைத்திருந்தது. என் மகளுக்காம். கட்டிலை வீட்டுச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டார்.

"உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார். "மூன்று நாள் வலியே இல்லை. நல்ல கை. நான்தான் கெட்ட முட்டி."

சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று தள்ளியது. சொன்னால் என்ன ஆகும், முட்டி திரும்பி வருமா, போகிற மனிதர் மனத்தில் எதற்கு ஒரு கசப்பு என்று இன்னொன்று இழுத்தது. எனக்கு எப்போதும் இரண்டு குரல் கேட்கும். நல்ல மருமகளுக்குரிய குரல்தான் கடைசியில் ஜெயிக்கும். "சொல்றேன்" என்றேன். கார் தெருமுனையில் திரும்பும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தோட்டத்துக்குச் செய்தி போனபோது அத்தைக்குக் கோபம். "ஏழு நாளுன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! மூணா நாளு போயி ஆடியிருக்கான். வெள்ளக்காரன்னா நம்ம பேச்சு எளக்காரம்." என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்; நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவை அவமதித்துவிட்டதாக அவருக்கும் ஒரு மனத்தாங்கல். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் நன்றாகக் கேட்கும்படி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அன்று தொடங்கிய வசவு அது. நான்கு வருஷம். ஒவ்வொரு சுளுக்குக்கும் ஒருமுறை.

இந்த வருஷம் உலகக் கிண்ணப் போட்டியில் அந்த நாடு மூன்றாவதாக வந்தது. சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை, சதுரங்கப் பலகைபோல. பக்கத்து வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை ஒருநாளும் காய்ந்ததில்லை. அவர் அந்த உயரத்து ஆட்டக்காரர் இல்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இருந்தோம். பகலில் தொலைக்காட்சியில் அந்த ஆட்டங்களில் ஒன்றைத் திரும்பப் போட்டார்கள். என் கணவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். பழக்குலை லாரியிலிருந்து குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்ட ஒரு தம்பி பாயில் உட்கார்ந்திருந்தார். அத்தை மடியில் அவர் கால்.

"அத்தே, இது அந்தக் கேக்காத மாட் சாலே ஊருதான? மூணாவது எடம் வந்துட்டானுங்கலா!" என்றார் அந்தத் தம்பி.

"வரட்டும்" என்றார் அத்தை, விரலை அழுத்திக்கொண்டே. "இவனுங்களாச்சும் சொல்பேச்சு கேக்குறவனுங்களா இருப்பானுங்க. அவன் இருக்கானே..."

"அத்தை, நான் சொல்லவே இல்லை" என்றேன்.

"என்னா?"

"ஏழு நாள்னு நான் அவர்கிட்ட சொல்லல. கத்திரிக்காயும் சொல்லல, எதுவும் சொல்லல. சூடா வச்சுக்கங்க, சரியாயிடும்னு மட்டும் சொன்னேன். அவர் ஆடலாமான்னு கேட்டாரு. நான் வேணாம்னு சொல்லல."

அத்தையின் கை நின்றுவிட்டது. எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்தது, துடைக்கவில்லை. தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "கத்தச் சொன்னதுக்கே ஒரு தடவ கத்துனானே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் அந்தத் தம்பியின் காலை வழித்து முடித்தார். மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்தார்.

"பத்தியத்த இவனுக்குச் சொல்லு" என்றார் என்னிடம்.

"இவருக்குத்தான் தமிழ் தெரியுமே அத்தை. நீங்களே..."

"தெரியட்டும். நீ சொல்லு."

அந்தத் தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கத்திரிக்காய் வேண்டாம் என்று தொடங்கினேன். கருவாடு வேண்டாம். தலைக்கு ஊற்றக்கூடாது. எண்ணெய் தானாகக் காயவேண்டும். மூன்று ராத்திரி எருக்கிலை. ஏழு நாள் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, லாரிப் பக்கமே போகக்கூடாது. அடுத்த வாரம் திரும்ப வரவேண்டும். அப்போதும் வலித்தால் டாக்டரைப் பார்க்கவேண்டும். ஒன்றையும் விடவில்லை. அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், எண்ணிப் பார்ப்பவர்போல.

"போலே, அக்கா" என்றார் அந்தத் தம்பி.